நாலங்குல மழை

மழையைக் காலை எட்டு மணிக்குத்தான் அளப்போம். முந்தின நாள் எட்டிலிருந்து இன்றைய எட்டு வரை விழுந்ததெல்லாம் ஒரே நாள் மழை. எட்டடித்து ஐந்து நிமிஷம் ஆனாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த ஐந்து நிமிஷத்தில் தூறியது எந்த நாளைச் சேர்ந்தது என்று கேட்டு மேலே இருந்து கடிதாசு வந்துவிடுமோ என்று பயப்படுவேன். அப்படி ஒரு கடிதாசு ஒருநாளும் வந்ததில்லை. வந்தது வேறு கடிதாசு.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அப்பாவைக் காய்ச்சல் கொண்டுபோன வருஷம் அது. எனக்கும் பட்டினிக்கும் இடையில் அக்கா மட்டும்தான் நின்றாள். அவள் கூலிக்குப் போய் என்னை வளர்த்தாள். இருபது வயதுக்கு மேல் தேவாரம் என்ற ஊருக்கு அருகே பாசன ஆபீஸில் கடைநிலை வேலை கிடைத்தது. ஆபீஸைச் சுற்றின வளவைக் கூட்டுவது, தபால் கொண்டுபோவது, மழைமானியைப் பார்ப்பது. தசமப் புள்ளியை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மழைமானிதான். ஓர் அங்குலத்தை நூறாக வெட்டினால் ஒரு துண்டுக்கு செண்ட் என்று பேர். தேவாரத்து வெள்ளாமைச் சம்சாரிகளும் அப்படித்தான் கேட்பார்கள்: "நேத்து எத்தன செண்டு?"

மழைமானி என்பது பெரிய சாமான் ஒன்றுமில்லை. காரைக் கட்டில் பாதி புதைத்து நிறுத்திய தகர உருளை. மேலே புனல். உள்ளே ஒரு குடுவை. புனலில் விழுந்த மழை குடுவையில் சேரும். அந்தக் குடுவை நாலு அங்குல மழையோடு நிறைந்துவிடும். அதற்கு மேல் பெய்தால் தண்ணீர் வழிந்து உருளையின் அடியில் தங்கும். குடுவைத் தண்ணீரையும் அடித் தண்ணீரையும் தனித்தனியாக அளந்து கூட்டி எழுத வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. பழைய பதிவேட்டின் முதல் பக்கத்தில் மங்கிய மையில் எழுதியிருந்தது. நான் எதையும் மூன்று தடவை படிக்கிறவன்.

ஆபீஸில் எனக்கு 'நடுக்கம்' என்று பேர் வைத்திருந்தார்கள். பூட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன், மறுபடி வந்து இழுத்துப் பார்ப்பேன். ஓவர்சியர் வராந்தாவில் உட்கார்ந்து எண்ணுவார். "மூணாச்சு. நாலாவதுக்கு வருவான் பாருங்க." நான் வராமல் இருக்கப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வருவேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

இரண்டாவது வருஷம் உருளைக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கும்போது, காரைக் கட்டுக்கு ஒட்டின மாதிரி ஓர் ஓட்டையைக் கண்டேன். ஆணி போகிற அளவு. துரு தின்ற ஓட்டை இல்லை, உருண்டையாக, அடித்து இறக்கிய ஓட்டை. குடுவையிலிருந்து வழிகிற தண்ணீர் அந்த வழியே மண்ணுக்குப் போய்விடும். எத்தனை வருஷமாகப் போகிறதோ. ஆபீஸ் உறைகளுக்கு முத்திரை வைக்கிற அரக்கில் ஒரு துண்டை உருக்கி அதை அடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆபீஸ் அரக்கை எடுத்ததற்குக் கேட்பார்களே என்ற பயம்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் நன்றாகப் பிடித்துக்கொண்டது. காலையில் குடுவை ததும்பி நின்றது, அடியிலும் தண்ணீர். இரண்டையும் அளந்தேன். ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்று தடவை கூட்டிப் பார்த்து எழுதினேன்.

அடுத்த கோடையில் எஞ்சினீயர் முகாம் வந்தார். உலகச் சண்டைக் காலம், சிமெண்டுக்குப் பஞ்சம். அடிவாரத்துக் கண்மாயின் கலிங்கு, அதாவது நிறைந்த கண்மாயிலிருந்து மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற மதகில்லாத வாய், இடிந்துகிடந்தது. அதைத் திரும்பக் கட்ட வேண்டும். எத்தனை அகலத்துக்கு என்பதுதான் கேள்வி. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு நாளாக, அந்த வருஷத்திலேயே மிகப் பெரிய மழையைப் பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டும். அவற்றைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்க வேண்டும். அப்படி அடுக்கினால் எவ்வளவு பெரிய மழை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்று சொல்லிவிடலாம் என்றார். அடுக்குகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

நான் வருஷத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் வெட்டி, எண்ணை எழுதி, ரிக்கார்டு அறைத் தரையில் பரப்பி அடுக்கினேன். அடுக்க அடுக்கக் கை ஓடவில்லை. சின்ன எண்கள் எல்லாம் ஒன்றுபோல் ஒன்று இல்லை. இரண்டே முக்கால், இரண்டு ஒன்பது, மூன்று முப்பது என்று சிதறிக் கிடந்தன. பெரிய எண்கள் மட்டும் ஒன்பது வருஷத்துக்கு ஒரே உயரம்: நாலங்குலம் பத்து செண்ட், நாலு பன்னிரண்டு, நாலு பதினொன்று. வானத்துக்கு நாலங்குலத்தில் ஒரு கூரை போட்ட மாதிரி. அதற்கு முந்தைய பழைய வருஷங்களில் ஐந்தும் உண்டு, ஆறரையும் உண்டு. ஒரு குறிப்பிட்ட வருஷத்துக்குப் பிறகு எதுவுமே கூரையைத் தாண்டவில்லை. என்னுடைய ஏழு அங்குலத்தைத் தவிர.

அந்த வருஷத்திலிருந்து மழைமானியைப் பார்த்தவர் யார் என்று கையெழுத்தைப் பார்த்தேன். ஓவர்சியர். பதவி உயர்வதற்கு முன்னால் பத்து வருஷத்துக்கு மேல் என் வேலையை அவர்தான் செய்திருக்கிறார்.

அவரிடம் தனியாகப் போய் ஓட்டையையும், அதை அரக்கால் அடைத்ததையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"அந்த வருசம் மலேரியாக்காரன் வந்தான்டா. எங்கயும் தண்ணி கட்டி நிக்கக் கூடாது, கொசு முட்ட போடும்னான். உருளைக்குள்ள தண்ணி நின்னுச்சு. ஒரு ஆணிய அடிச்சேன். அதுக்கென்ன இப்ப?"

"ஐயா, நாலு அங்குலத்துக்கு மேல பேஞ்சதெல்லாம் போயிருச்சுங்களே."

"போனா போகட்டும். பேஞ்ச மழ திரும்பியா வரப்போகுது? அரக்க எவனக் கேட்டு எடுத்த?"

அவரே மெதுவாகச் சொன்னார்: "எஞ்சினீயர் தொர உன் ஏழுக்கு விளக்கம் கேட்டிருக்காக. கடிதாசு வந்திருக்கு. ஓட்டன்னு சொன்னா இத்தன வருசப் பதிவேடும் பொய்யாயிரும். சர்க்கார் ரிக்கார்ட பொய்யாக்குனது யாருன்னு கேப்பாக. நான் பழைய ஆளு, தப்பிச்சுக்குவேன். பெயிண்ட் அடிக்கிறப்ப நீதான்டா ஆணி அடிச்சதா எழுதிருவேன். உங்கக்கா திரும்பக் கூலிக்குப் போயி உனக்குக் கஞ்சி ஊத்தட்டும்."

அவரே சொல்லச் சொல்ல நானே எழுதினேன். 'பெருமழையைக் கண்டு கலவரமடைந்த நிலையில், அளந்த தண்ணீரையே மறுபடியும் அளந்து கூட்டிவிட்டேன். என் சுபாவத்தை அலுவலகத்தார் அனைவரும் அறிவர்.' கீழே கையெழுத்து. அரக்கையும் அவர் என்னைக்கொண்டே சுரண்டி எடுக்க வைத்தார். கொசு வருமாம்.

எஞ்சினீயர் கெட்டவர் இல்லை. மரியாதையாகப் பேசுகிறவர். என் கடிதத்தைப் படித்துவிட்டு, ஏழின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். பிறகு கட்டம் போட்ட தாளில் வருஷங்களைப் புள்ளியாக வைத்து, அவற்றின் ஊடே ஒரு கோடு இழுத்தார். கோடு இடமிருந்து வலமாக இறங்கியது.

"பாத்தீங்களா, கனமழை குறைஞ்சுக்கிட்டே வருது. மலையில ஏலக்காய்த் தோட்டத்துக்காகக் காட்டை வெட்டுனாங்கல்ல, அதான்" என்றார்.

ஓவர்சியர் தலையாட்டினார். "எங்க அப்பாரு காலத்துல பேஞ்ச மழ இப்ப எங்கங்க ஐயா."

கலிங்கு பழைய அகலத்தில் பாதிக்குக் கட்டப்பட்டது. சிமெண்டு மிச்சம். கலிங்கிலிருந்து தண்ணீர் இறங்கிப் போகிற மறுகால் ஓடையின் இருபக்கமும் நிலம் வைத்திருந்த பண்ணைக்காரருக்கும் சந்தோஷம். ஓடையில் பாதி இனித் தேவையில்லை என்றானதும் அதை நிரவித் தென்னை வைத்தார். நிரவின மணலின் ஓரத்தில், தன் நிலத்தில் வேலை செய்கிறவர்கள் எட்டுக் குடும்பத்துக்குக் குடிசை போட இடம் விட்டார். அதில் ஒன்று என் மச்சானுக்கு, அக்கா புருஷனுக்கு.

அக்கா ஒரு நாள் புல்லுக்கட்டோடு ஆபீஸ் வளவுக்குள் வந்தாள். இடுப்பில் கைப்பிள்ளை, பின்னால் நாலு வயது மூத்தவள். நான் மழைமானிக்குப் பக்கத்தில் செடி பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஓவர்சியர் பத்தடி தள்ளி வராந்தாவில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். "மறுகாலுக்குள்ள எடம் குடுத்திருக்காக. நல்ல மணலு, பக்கத்துலயே கெணறு. ஒங்க மச்சான் வேணாங்குறாரு, தண்ணி போன எடமாம். நீ மழ அளக்குறவன். நீ சொல்லு. போகலாமா, வேணாமா?"

ஓவர்சியர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினார்.

மழை குறையவில்லை, ஓட்டை வழியே போனதுதான் என்று எனக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தாக்கில் அதைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் அந்த வளவுக்குள் இருந்தோம். கையில் இருந்த செடியை வேரோடு பிய்த்துக்கொண்டே சொன்னேன்: "கனமழ கொறஞ்சுக்கிட்டே வருதுன்னு எழுதியிருக்காகக்கா."

"எழுதுனது கெடக்கட்டும். நீ என்ன சொல்ற?"

"போகலாம்க்கா."

அவள் சிரித்துவிட்டாள். "ஆத்தாடி, இவன் வாயில இருந்தா இந்த வார்த்தை. கெணத்துல எட்டிப் பாக்காத, மாட்டுக்குப் பின்னால நிக்காத, பிள்ளைக்குத் தலையில தண்ணி ஊத்தாதங்குற பயலு. நீயே பயப்படலைன்னா எனக்கென்னலே பயம்."

அவள் போன பிறகு ஓவர்சியர் சொன்னார்: "பரவாயில்லயே நடுக்கம், தேறிட்டயே."

அக்கா வீடு அரை மணி நேர நடை. அந்த மாதம் அவளிடம் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை கிளம்பினேன். நாலு தடவையும் புளியமரம் வரை போய்த் திரும்பினேன். பூட்டை இழுத்துப் பார்க்க மட்டும் நான் திரும்புவதாக ஊர் நினைத்துக்கொண்டது. கடைசியாகக் கிளம்பிய நாளில் குடிசைக்குக் கூரை மேய்ந்தாகிவிட்டது என்று எதிரே வந்தவர் சொன்னார். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஐப்பசியில், காலை அளவு எடுத்துக் குடுவையைக் கொட்டிய பிறகு, பத்து மணிவாக்கில் மழை ஆரம்பித்தது. மலை முதலில் மறைந்தது, பிறகு ரோட்டோரத்துப் புளியமரங்கள், பிறகு ஆபீஸ் கேட். எதிரே பேசுகிறவர் வாய் அசைவதுதான் தெரியும். சாயங்காலம் நாலு மணி இருக்கும். நான் சாக்கைப் போர்த்திக்கொண்டு மழைமானியிடம் ஓடினேன். ஓட்டையிலிருந்து நூல் போலத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அப்படியானால் நாலங்குலம் ஏற்கெனவே தாண்டிவிட்டது. மழை நிற்பதாக இல்லை.

நான் அந்த நேரத்தில் அக்கா குடிசைக்கு ஓடியிருக்க வேண்டும். அரை மணி நடையை ஓட்டத்தில் கால் மணியில் கடக்கலாம். பிள்ளைகளில் ஒன்றையாவது தூக்கியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? சேற்றில் மண்டியிட்டு, கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துப் பிடித்தேன். இந்த ஒரு மழையை மட்டும் முழுசாக அளந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. எஞ்சினீயருக்குக் காட்டலாம், கலிங்கை உடைத்துப் பெரிதாகக் கட்டச் சொல்லலாம், அக்காவைக் குடிசையிலிருந்து கூட்டி வரலாம். விரலுக்குப் பின்னால் தண்ணீர் ஏறுவது குளிராகத் தெரிந்தது. ஓவர்சியர் குடையோடு வராந்தாவின் விளிம்பில் வந்து நின்று என்னவோ கத்தினார். பைத்தியம் என்ற சொல் மட்டும் கேட்டது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படி இருந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. ரோட்டில் ஆட்கள் ஓடினார்கள். ஒருவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கலிங்கு பக்கத்துல கர ஒடஞ்சு போயிருச்சு. மறுகால்ல ஒரு குடிசயும் இல்ல."

நான் விரலை எடுத்தேன். அவ்வளவு நேரமும் பிடித்து வைத்திருந்த மழை என் முழங்கால்மேல் கொட்டியது.

மச்சானும் இன்னும் நாலைந்து பேரும் மண்வெட்டியோடு கரைமேல் இருந்திருக்கிறார்கள். சின்னக் கலிங்கு வாய் கொள்ளாமல் தண்ணீர் கரையை ஏறித் தாண்டியதால், மண்ணை வெட்டிப் போட்டு மேட்டை உயர்த்தப் பார்த்திருக்கிறார்கள். மூத்தவள் அவரோடு கரைமேல் இருந்ததால் தப்பினாள். அக்காவை மூன்றாம் நாள் தென்னங்கன்றுகளுக்கு நடுவே எடுத்தோம். மண் மூடி, முடி மட்டும் வெளியே தெரிந்தது. கைப்பிள்ளை கிடைக்கவே இல்லை.

கரை உடைந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் மழையை அளந்தேன். ஆமாம், அளந்தேன். ஓவர்சியர் கூடவே நின்றார். குடுவை ததும்பி இருந்தது, அடி காலி. நாலு பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விரலில் உருளையின் துரு இன்னும் போகவில்லை.

விசாரணைக்குப் பெரிய அதிகாரி வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். நாலு அங்குலம் சொச்சம். இதே அளவு மழை முன்னால் ஒன்பது வருஷம் பெய்து கரை நின்றிருக்கிறது. இப்போது மட்டும் எப்படி உடையும்?

"கரைமேல மண்வெட்டியோட ஆளுக இருந்ததக் கண்ணால பாத்தவுக இருக்காகங்க ஐயா" என்றார் ஓவர்சியர். "குடிசக்குத் தண்ணி வரக்கூடாதுன்னு வேற பக்கம் வெட்டி விடப் பாத்திருக்கானுக. அது பெருசாப் போயிருச்சு."

பெண்டாட்டியையும் பிள்ளையையும் பறிகொடுத்த மனிதரைக் கரையை வெட்டியவர் என்று கயிறு போட்டு அழைத்து வந்திருந்தார்கள். அவர் தலை நிமிரவில்லை. நான் எழுந்தேன். மழைமானியில் ஓட்டை இருக்கிறது, பெய்தது நாலங்குலம் இல்லை என்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன். என் ஆயுளில் நான் செய்த ஒரே தைரியம் அதுதான்.

எல்லாரும் வளவுக்குப் போனோம். நான் குனிந்து காட்டினேன். அங்கே ஓட்டை இல்லை. ஈயம் வைத்து அடைத்து, தேய்த்து, மேலே பச்சைப் பெயிண்ட். பெயிண்ட் வாசனை கூட இருந்தது. நான் விரலால் தடவித் தடவித் தேடினேன். "இங்கனதான் இருந்துச்சுங்க, இங்கனதான்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஓவர்சியர் சட்டைப்பையிலிருந்து என் பழைய கடிதத்தை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். என் சுபாவத்தை அலுவலகத்தார் அனைவரும் அறிவர்.

"பாவம், கூடப்பிறந்தவ போன துக்கம்" என்று அதிகாரி சொன்னார். என்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. மச்சானை அழைத்துக்கொண்டு போனார்கள்.

மச்சான் எட்டு மாதம் கழித்து ஜெயிலிலிருந்து வந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு கூடலூர்ப் பக்கம் போவதற்கு முன் என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அன்னைக்கு நெசமா எவ்வளவு பேஞ்சது மாப்ளே?"

"தெரியல மச்சான். வெரல எடுத்துட்டேன்."

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. "கூர மேயிறப்பக் கூட வேணாமுன்னேன்" என்றார். "எந்தம்பியே போகலாமுன்னுட்டான்னு சொன்னா. அதயே சொல்லிச் சொல்லிச் சிரிச்சா." பிறகு மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் அதே வேலையில் இருந்தேன். வேறு எங்கே போவது? ஓட்டை அடைபட்டுவிட்டதால் மழைமானி அதற்குப் பிறகு சரியாகவே அளந்தது. ஒரு வருஷம் ஐந்தேகால் வந்தது, ஒரு வருஷம் ஆறு. நான் அடித் தண்ணீரையும் சேர்த்து எழுதினேன். யாரும் சிவப்புக் கோடு போடவில்லை. ஓவர்சியர் பென்ஷனில் போய், மாலை மரியாதை வாங்கி, தோட்டம் வாங்கி நன்றாக இருந்தார்.

சண்டை முடிந்த பிறகு புது எஞ்சினீயர் வந்தார். உடைந்த கலிங்கைப் பெரிதாகக் கட்ட வேண்டும் என்று பழையபடி பட்டியல் கேட்டார். நான் துண்டுக் காகிதங்களை வெட்டி அடுக்கினேன். அவர் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். இந்த முறை கோடு ஏறியது.

"கொஞ்ச வருஷமா கனமழை கூடிக்கிட்டே வருது" என்றார். பிறகு பேனாவின் முனையால் ஒரு புள்ளியைத் தட்டினார். "இது கரை உடைஞ்ச வருஷம்தானே? நாலு பதினொன்னுதான் பெஞ்சிருக்கு. இதுக்கா கரை உடைஞ்சுது?"

ஓவர்சியர் அங்கே இல்லை. வராந்தா காலியாக இருந்தது. அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். சர்க்கார் ரிக்கார்டு, ஆணி, அரக்கு, என் கையெழுத்து, என் பென்ஷன் எல்லாம் ஒரே சமயத்தில் நெஞ்சுக்கு வந்தன.

"கரைய வெட்டிப்புட்டாகங்க ஐயா" என்றேன்.

அவர் அதை ஓரத்தில் குறித்துக்கொண்டார்.